பயனர் குடிபெயர்ந்த பயனர் இல்லம்: லினக்ஸ் கணினியில் மென்பொருளின் இருப்பிடம் பற்றிய ஒரு வரலாறு

கணினியில் ஒரு மென்பொருளை எந்த அடைவில் நிறுவுவது என்னும் வினா, மொழியியல் கற்ற ஒருவன் பொதுமேடையில் பேசத்தக்க பொருளா என அவையோர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. நான் கணினிப் பொறியாளன் அல்லன். சொற்களை எண்ணியும் அடுக்கியும் காலம் கழித்தவன். ஆயினும், சொல்லடைவு தயாரிப்பதற்காக லினக்ஸ் இயங்குதளத்தை நாடிய நாள்முதல் அதன் அடைவுப் பெயர்கள் என் கவனத்தை ஈர்த்து வந்துள்ளன. ஊர்ப்பெயர் ஆய்வாளன் ஒரு பழைய ஊரின் தெருக்களைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. காரணங்கள் பல மறைந்துவிட்டன, பெயர்கள் நிலைத்துவிட்டன. அச்சு நூலில் ஒருமைப்பாடு கருதி அப்பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

இப்பொருளில் எனக்கு அக்கறை பிறந்தது ஒரு பிழையினால். அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

2003ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர், மலேசியச் சிறுகதைத் தொகுப்புகள் சிலவற்றை யூனிகோடு வடிவில் உள்ளிட்டு, அவற்றின் சொல்வளத்தை ஒப்பிட முயன்றேன். வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களின் எண்ணிக்கையால் வகுக்கும் எளிய அளவீடுதான். ‘நீ’, ‘என’, ‘ஒரு’ போன்ற குறுஞ்சொற்கள் கணக்கைக் குழப்பும் என்பதால், நான்கு குறியீட்டுக்குக் குறைந்த சொற்களை விலக்குமாறு பெர்ல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். கணினியோடு வந்த பெர்ல் பழைய பதிப்பு. தமிழ் எழுத்தைச் சரியாக அறியாதது. ஆகவே 2002இல் வெளிவந்த 5.8ஆம் பதிப்பின் மூலநிரலைத் தருவித்து, அது தானாகவே சென்று அமரும் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்னும் அடைவில் நிறுவிக்கொண்டேன். பழையது ‘/யுஎஸ்ஆர்/பின்’ அடைவில் அப்படியே இருந்தது.

பகலில் நானே கட்டளை தட்டி இயக்கியபோது புதிய பெர்ல் இயங்கியது. பெரிய தொகுப்புகளை மட்டும் இரவில் தானாக இயங்கும் பணிப்பட்டியலில் இட்டுவிட்டு உறங்கப் போவேன். கட்டளையின் பெயரை மட்டும் கொடுத்தால், கணினி அதை எந்தெந்த அடைவில் எந்த வரிசையில் தேடுவது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. என் பகல்நேரப் பட்டியலில் ‘லோக்கல்’ முதலில் நின்றது. இரவுப் பணிக்குரிய பட்டியலிலோ ‘லோக்கல்’ இடம்பெறவே இல்லை. எனவே இரவில் பழைய பெர்ல் இயங்கியது. அது ஒரு தமிழ்க் குறியீட்டை மூன்று பைட்டாக எண்ணியது. ‘ஒரு’ என்பது அதற்கு ஒன்பது நீளமுள்ள சொல். ஆகவே விலக்கப்பட வேண்டிய குறுஞ்சொற்கள் யாவும் கணக்கில் நுழைந்து, மீண்டும் மீண்டும் வந்து, அத்தொகுப்புகளின் சொல்வளத்தைக் குறைத்துக் காட்டின.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. எண்கள் நம்பும்படியாகவே இருந்தன. அவற்றை நம்பி, ஒரு கருத்தரங்கக் கட்டுரையில், அப்போது உயிரோடு இருந்த ஓர் எழுத்தாளரின் சொல்வளம் ஏனையோரினும் குறுகியது என்று எழுதிவிட்டேன். அதற்குச் சமூகக் காரணமும் கற்பித்தேன்! அவருடைய தொகுப்பு பெரியது, ஆதலால் இரவில் இயங்கியது, உண்மை அவ்வளவே. கட்டுரை கைக்குக் கை போன பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். திருத்தத் தாள் அச்சிட்டு அனுப்பினேன். அவரை நேரில் சந்தித்து விளக்கியபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்பது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பையே மாற்றும் என்பதை அன்று கற்றேன்.

இரண்டு பெர்ல்கள் இரண்டு இடங்களில் இருக்க இடமளித்த இந்த அமைப்பு எப்படித் தோன்றியது? 

யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரால் தொடங்கப்பட்டது. அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. அக்காலத்தில் அவர்கள் பயன்படுத்திய பிடிபி-11 கணினியின் வட்டு அரை மெகாபைட் அளவினது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது. 1974இல் அவ்விருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, தங்கள் கணினியில் ஒரு மெகாபைட் கொண்ட நிலைத்த வட்டு ஒன்றும், ஒவ்வொன்றும் 2.5 மெகாபைட் கொள்ளும், கழற்றி மாட்டத்தக்க நான்கு வட்டுகளும், 40 மெகாபைட் வட்டு ஒன்றும் இருந்ததாகக் கூறுகிறது. விரைவான சிறு வட்டில் இயங்குதளம். மெதுவான பெரிய வட்டில் பயனர்களின் கோப்புகள். அந்தப் பயனர் வட்டு மாட்டப்பட்ட இடத்திற்கு ‘யுஎஸ்ஆர்’ என்று பெயர். ‘யூசர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்தை மிச்சப்படுத்துவதும் அன்று ஒரு வசதிதான். கென் தாம்சனின் வீடு ‘/யுஎஸ்ஆர்/கென்’.

விரைவில் முதல் வட்டு நிரம்பியது. கட்டளைகளுக்குரிய ‘பின்’ அடைவிலும் நூலகங்களுக்குரிய ‘லிப்’ அடைவிலும் இடமில்லை. பயனர் வட்டில் இடம் இருந்தது. எனவே ‘/பின்’ போலவே ‘/யுஎஸ்ஆர்/பின்’ ஒன்றும், ‘/லிப்’ போலவே ‘/யுஎஸ்ஆர்/லிப்’ ஒன்றும் எழுந்தன. எதை எங்கே வைப்பது? அதற்கு ஒரு நியதி தேவைப்பட்டது. இரண்டாம் வட்டை மாட்டும் கட்டளையே இரண்டாம் வட்டில் இருந்தால் அதை யார் மாட்டுவது? பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். ஆதலால் கணினி கண்விழிக்கத் தேவையானவை முதல் வட்டில், மற்றவை இரண்டாவதில். இடநெருக்கடியில் பிறந்த ஏற்பாட்டிற்கு இவ்வாறு ஒரு கொள்கை விளக்கம் அமைந்தது.

காலப்போக்கில் பயனர்கள் அங்கிருந்து வெளியேறினர். 1980களின் பிற்பகுதியில் அவர்களுக்கு ‘ஹோம்’ என்னும் தனி இல்லம் பரவலாயிற்று. பயனர் பெயர் தாங்கிய அடைவில் பயனர் எவரும் இல்லை; இயங்குதளமே அங்கு முழுமையாகக் குடியேறிவிட்டது. மொழியியலார்க்கு இது புதிதன்று. எள்ளின் நெய்யே எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது எள்ளை யார் நினைக்கிறார்? சிங்கப்பூர் அவையோர்க்கு இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். அப்பெயர் தாங்கிய மருத்துவமனையில் குழந்தைகள் பிறக்கின்றன. எருமைகள் போய் நெடுநாளாயிற்று.

பொருள் மறைந்த பெயருக்கு மக்கள் புதுப்பொருள் கற்பிப்பதும் இயல்பு. ‘யுஎஸ்ஆர்’ என்பது ‘யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்பதன் முதலெழுத்துத் தொகுப்பு என்று பாடநூல்களிலும் எழுதுகிறார்கள். அமைவுக் கோப்புகள் இருக்கும் ‘எட்சி’ அடைவிற்கும் இவ்வாறே ஒரு விரிவு கட்டியிருக்கிறார்கள். உண்மையில் அது ‘எட்செட்டரா’, அதாவது ‘முதலியன’. வேறெங்கும் சேராதவற்றைப் போட்டு வைத்த மூலைதான் நாளடைவில் கணினியின் அமைவுகள் அனைத்தையும் காக்கும் அறையாயிற்று. பொய்யான சொற்பிறப்பு என்று இவற்றைத் தள்ளிவிடலாம். நான் தள்ளுவதில்லை. ஒரு பெயருக்குத் தவறான வேர் காட்டப்படுகிறது என்றால், அப்பெயரை மக்கள் இன்றும் பொருளுடையதாகக் கருத விரும்புகிறார்கள் என்று பொருள்.

இனி ‘லோக்கல்’. யூனிக்ஸ் காந்த நாடாக்களில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. அங்கிருந்தோர் தம் தேவைக்குத் தாமே நிரல்கள் எழுதினர். அவற்றை நாடாவில் வந்தவற்றோடு கலந்து வைத்தால், அடுத்த நாடா வந்ததும் எது தம்முடையது எது அவர்களுடையது என்று தெரியாமல் அழிந்துபோகும். உள்ளூர்ச் சரக்கிற்கு ஒரு தனி அறையாக ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ ஏற்பட்டது. குனு திட்டம் தன் மென்பொருள்கள் யாவும், வேறிடம் சொல்லாவிட்டால், இவ்வறைக்கே செல்லவேண்டும் என வகுத்தது. 2003இல் என் பெர்ல் அங்கு அமர்ந்ததும் அந்த மரபினால்தான்.

‘ஆப்ட்’ பிந்தியது. 1980களின் இறுதியில் ஏடி அண்ட் டி நிறுவனமும் சன் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டோடு அது பரவியது. ‘விருப்பத் தேர்வு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. வெளி வணிகரின் மென்பொருள் ஒவ்வொன்றும் அங்கே தனக்கென ஓர் அடைவு அமைத்து, தன் கட்டளை, நூலகம், கையேடு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நீக்க வேண்டுமானால் அந்த ஓர் அடைவை நீக்கினால் போதும். ‘லோக்கல்’ என்பது கூட்டுக் குடும்பம். எல்லாருடைய கட்டளைகளும் ஒரே ‘பின்’ அடைவில் கலந்திருக்கும். ‘ஆப்ட்’ தனிக்குடித்தனம்.

வட்டில்லாப் பணிநிலையங்கள் வலைவழியே ஒரே ‘யுஎஸ்ஆர்’ அடைவைப் பகிர்ந்துகொள்ளும் முறையைச் சன் நிறுவனம் 1980களில் வளர்த்தது. அம்முறைக்கு மாறுவனவும் மாறாதனவும் பிரிக்கப்பட வேண்டியிருந்தன. மாறுவன ‘வார்’ அடைவிற்குப் போயின. எவ்வகைக் கணினிக்கும் பொதுவானவை ‘ஷேர்’ என்னும் அடைவில் சேர்ந்தன. எழுத்துருக்களும் மொழிபெயர்ப்புகளும் இந்த இரண்டாம் வகை.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்ட பின், அதை வழங்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடைவுகளை அமைத்தனர். ஒரு வழங்கலுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் தன் கோப்புகளைக் காணாமல் தவித்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1993இல் ஒரு தன்னார்வக் குழு கூடி, 1994 பிப்ரவரி 14ஆம் நாள் முதல் தரநிலையை வெளியிட்டது. டேனியல் குயின்லன் அதன் பதிப்பாசிரியர்களுள் முதன்மையானவர். 1997இல் அது யூனிக்ஸ் வழிவந்த பிற இயங்குதளங்களையும் கருத்திற்கொண்ட கோப்பு முறைமைப் படிநிலைத் தரநிலையாக விரிந்தது. 2004இல் 2.3ஆம் பதிப்பு; 2015இல் 3.0.

இந்த ஆவணத்தை நான் ஓர் இலக்கண நூலைப்போல் படித்தேன். அது புதிதாக எதையும் விதிக்கவில்லை. வழக்கில் இருந்ததைத் தொகுத்து, முரண்பட்ட இடத்தில் மட்டும் தீர்ப்புக் கூறியது. அதன் விதிகளுள் என் தொழிலுக்கு மிக வேண்டியது ஒன்று: இயங்குதளத்தின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது ‘லோக்கல்’ அடைவில் உள்ளவை மேலெழுதப்படாமல் காக்கப்பட வேண்டும். எனவே எங்கே நிறுவுவது என்னும் வினாவின் உட்பொருள், அதற்கு இனி யார் பொறுப்பு என்பதே. வழங்கலின் பொதி மேலாளர் தந்தது ‘யுஎஸ்ஆர்’ அடைவில் இருக்கும்; அதை நாம் தொடலாகாது. கணினியின் நிர்வாகி தாமே தொகுத்தது ‘லோக்கல்’ அடைவில்; அதை வழங்கல் தொடலாகாது. வெளி வணிகர் கட்டித் தந்தது ‘ஆப்ட்’ அடைவில். ஒருவருக்கு மட்டும் வேண்டியது அவரவர் இல்லத்தில். 2003இல் நான் இடத்தைச் சரியாகத் தேர்ந்தேன். இரவுப் பணிக்கு அந்த இடத்தைச் சொல்லத் தவறினேன்.

பொதி மேலாளர் என்பது ஒரு கணக்குப்புத்தகம் எனக் கொள்ளலாம். டெபியன் வழங்கலில் அதன் பெயர் டிபிகேஜி. எந்தக் கோப்பு எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று அது பதிவு வைத்திருக்கும். நாம் கைப்பட ‘யுஎஸ்ஆர்’ அடைவில் ஒரு கோப்பை மாற்றினால் கணக்கு அதை அறியாது; அடுத்த புதுப்பிப்பில் நம் கோப்பு சொல்லாமல் போய்விடும்.

இக்கணக்குப்புத்தகத்தை அண்மைக்காலத்தில் சோதித்தது ஒரு பெயர்ச்சிக்கல். வட்டுகள் பெருத்துவிட்ட காலத்தில் ‘/பின்’ தனி, ‘/யுஎஸ்ஆர்/பின்’ தனி என வைத்திருக்கக் காரணம் இல்லை. கண்விழிக்கும் கணினிக்கு வேண்டியவற்றை நினைவகத்தில் ஏற்றப்படும் ஒரு சிறு தொடக்க முறைமையே பார்த்துக்கொள்கிறது. ஆகவே 2012இல் ஃபெடோரா 17ஆம் பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கியது. பழைய ‘/பின்’ இப்போது ‘/யுஎஸ்ஆர்/பின்’ என்னும் இடத்தைச் சுட்டும் பெயர்ப்பலகை மட்டுமே. டெபியன் 2019இல் புதிதாக நிறுவுவோர்க்கு இதை இயல்பாக்கி, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில் எல்லார்க்கும் கட்டாயமாக்கியது.

இடையில் நடந்த வாதம் கசப்பானது. ‘/லிப்’ அடைவில் உள்ள ஒரு கோப்பும், அதே பெயரில் ‘/யுஎஸ்ஆர்/லிப்’ அடைவில் உள்ள கோப்பும் ஒன்றே என்பதை டிபிகேஜி அறியாது. அதன் கண்ணுக்கு அவை இரண்டு. இப்போது ஒரு கோப்பு முதற்பெயரில் ஒரு பொதியிலிருந்து விலகி, இரண்டாம் பெயரில் இன்னொரு பொதியில் சேர்கிறது என்க. புதிய பொதி கோப்பை வைக்கும். பழைய பொதி, தன் கணக்கிலிருந்த பழைய பெயரை அழிக்கும். பெயர் இரண்டு, பொருள் ஒன்று. ஆகவே அழிந்தது இப்போதுதான் வைத்த கோப்பு. எச்சரிக்கை ஏதுமின்றி நூலகம் ஒன்று காணாமற்போகும். இதனால் 12ஆம் பதிப்பு வெளிவரும்வரை கோப்புகளை இவ்வாறு இடம்பெயர்க்க வேண்டாமென டெபியன் தன் உறுப்பினர்க்கு அறிவுறுத்தியது. ஒருபொருட் பன்மொழி செய்யுளுக்கு அழகு தரலாம், கணக்குப்புத்தகத்திற்குக் கேடு. ஒன்றாக்கியது சரியென்றே நான் கருதுகிறேன். கணக்குப்புத்தகத்திற்கு முதலில் உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் கசப்புக் குறைந்திருக்கும்.

பைத்தான் மொழியிலும் இதே தகராறு வேறு உருவில் எழுந்தது. அதற்கென ‘பிப்’ என்னும் தனி நிறுவி உண்டு. அது இயங்குதளத்தின் பைத்தான் அடைவில் கைவைத்து, இயங்குதளத்தின் கருவிகளையே முடமாக்கிய நிகழ்வுகள் பல. டெபியன் 12 முதல், இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று கூறி ‘பிப்’ நிறுவ மறுக்கிறது. திட்டத்திற்கு ஒரு தனிச்சூழல் அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. என்னிடம் தொலைபேசியில் முறையிடும் முன்னாள் மாணவர்கள் இதை ஒரு கோளாறு என்கிறார்கள். எனக்கு அது, வீட்டுக்காரர் வாசலில் நின்று ‘யாரைப் பார்க்க வேண்டும்’ என்று கேட்பதுபோல் தோன்றுகிறது.

தமிழ் இந்த அடைவுகளில் எங்கே இருக்கிறது? லினக்ஸ் செயலி ஒன்று தமிழில் பேசுமானால், அதன் மொழிபெயர்ப்பு ‘/யுஎஸ்ஆர்/ஷேர்/லொகேல்’ என்பதன்கீழ், ‘டிஏ’ என்னும் ஈரெழுத்துக் குறி தாங்கிய அடைவில் இருக்கும். ஐஎஸ்ஓ 639 தரநிலை தமிழுக்குத் தந்த குறி அது. தமிழ் எழுத்துருக்கள் பொதியாக வந்தால் ‘/யுஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்’ அடைவில் அமரும். லோகித் தமிழ் எழுத்துரு அவ்வாறே வருகிறது. பள்ளி ஆய்வகக் கணினியில் எல்லா மாணவர்க்கும் ஓர் எழுத்துருவை ஆசிரியர் தாமே சேர்க்க விரும்பினால் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்’ அதற்குரிய இடம். தமக்கு மட்டும் போதுமானால் தம் இல்லத்தில் ‘.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்’. எழுத்துருவைப் பொதியின் அடைவிலேயே போட்டுவிட்டு, இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் தேர்வுத்தாளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று வருந்திய ஆசிரியர்களை நான் அறிவேன்.

வட்டார வரையறை இன்னும் சுவையானது. நாணயம், நாள், எண் ஆகியவற்றை எழுதும் முறையை நாட்டுக்கு நாடு குறித்துவைக்கும் கோப்புகள் அவை. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் தமிழுக்கு இந்திய, இலங்கை வரையறைகள் உண்டு. யூனிகோடு அமைப்பு பேணும் சிஎல்டிஆர் தரவகமோ சிங்கப்பூர்த் தமிழுக்கும் மலேசியத் தமிழுக்கும் இடம் ஒதுக்கியுள்ளது. வெள்ளி என்றும் ரிங்கிட் என்றும் எழுத விரும்பும் தமிழர் ஒருவர், தம் லினக்ஸ் கணினிக்கு அந்த வரையறையைத் தாமே எழுதிச் சேர்க்கலாம். டெபியனில் அதை வைக்க வேண்டிய இடம் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்’ என்பதன்கீழ் உள்ளது. உள்ளூர்த் தமிழுக்கு உள்ளூர் அடைவு. பெயரும் பொருளும் இவ்வளவு பொருந்தி வந்த இடம் வேறொன்றை இவ்வமைப்பில் நான் காணவில்லை.

பெயர்களையே கைவிட முயன்றோரும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முனைவர் பட்ட ஆய்வாக விளக்கிய நிக்ஸ் முறையில், ஒவ்வொரு மென்பொருளும் அது எவற்றால் ஆனது என்பதிலிருந்து கணித்த ஒரு நீண்ட குறியீட்டைத் தன் பெயருக்கு முன் தாங்கித் தனி அடைவில் இருக்கும். ஒரே நிரலின் பத்துப் பதிப்புகள் மோதாமல் வாழலாம். 2003இல் அது என்னிடம் இருந்திருந்தால் எந்தப் பெர்ல் என்னும் ஐயமே எழுந்திராது. ஆனால் அந்தக் குறியீட்டை வாய்விட்டுப் படிக்க இயலாது. மனிதர் ஒருவர் இன்னொருவர்க்குத் தொலைபேசியில் சொல்லவும் இயலாது.

என் கணினியில் இப்போதும் டெபியன்தான். இயங்குதளம் தந்த பெர்ல் போதுமானதாகிவிட்டது. சொல்லடைவு நிரல்கள் என் இல்லத்தில் உள்ளன. ஒவ்வொன்றின் முதல் வரியிலும் எந்தப் பெர்ல் என்பதை முழு முகவரியோடு எழுதியிருக்கிறேன். இயங்கியதும் தன் பதிப்பு எண்ணை அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிடும்படியும் செய்திருக்கிறேன். ‘லோக்கல்’ அடைவில் இரண்டு எழுத்துருக்களும் ஒரு வட்டார வரையறையும் தவிர வேறில்லை. ‘கேம்ஸ்’ என்றொரு துணை அடைவும் அங்கே உண்டு. உள்ளூர் விளையாட்டுகளுக்காகத் தரநிலை ஒதுக்கிய இடம். அது காலியாகவே இருக்கிறது.